முட்டி ஒண்ணும் பேரிங் இல்லீங்க

கோயமுத்தூரில் ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஒருவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போனால், எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் சொல்வது பெரும்பாலும் ஒரே சொல்தான்: தேய்மானம். மோட்டாரும் பம்பும் கிரைண்டரும் செய்து பிழைக்கிற ஊரில் இந்தச் சொல்லுக்கு அகராதி தேவையில்லை. கணபதியிலோ பீளமேட்டிலோ பட்டறைச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்த யாருக்கும் பேரிங் தேய்ந்தால் என்ன ஆகும் என்று தெரியும். எத்தனை சுற்று சுற்றியதோ அத்தனைக்குத் தேயும். ஒன்று ஓட்டத்தைக் குறைக்கணும், இல்லாவிட்டால் கழற்றி மாத்தணும்.

"அப்ப இனி ஓடலாமுங்களா?"

"இந்த வயசுல எதுக்குங்க ஓட்டம்? மெதுவா வாக்கிங் போங்க, போதும்."

அதோடு ஷூ பரண்மேல் போய்விடும். ரேஸ்கோர்ஸில் அதிகாலை ஐந்தரைக்கு ஓடிக்கொண்டிருந்தவர் ஆறு மாதம் கழித்து அதே ரேஸ்கோர்ஸில், அதே இரண்டரைக் கிலோமீட்டர்ச் சுற்றில், கையை வீசி நடந்துகொண்டிருப்பார். நடப்பது கெடுதல் இல்லை. ஆனால் அவர் ஓட்டத்தை விட்டது உடம்பு சொல்லி அல்ல, பட்டறை உவமை சொல்லி. என் சண்டை அந்த உவமையோடுதான்.

பேரிங்கில் உயிர் இல்லை. அது வேலை செய்தால் தேயும், சும்மா கிடந்தால் அப்படியே இருக்கும். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு இதற்கு நேர்மாறு. அதற்கு ரத்தக்குழாய் கிடையாது. அழுத்தும்போது ஈரம் வெளியே பிதுங்கி, விடும்போது உள்ளே உறிஞ்சும் பஞ்சுபோல, அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வந்தால்தான் அதற்குச் சாப்பாடே போகும். 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை ஒன்றுசேர்த்து இடுப்பு, முட்டி மூட்டுவாதத்தைக் கணக்கிட்டது. பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும், போட்டிக்காக உயிரைக் கொடுத்து ஓடுபவர்களில் 13.3 சதவீதம் பேருக்கும் அது இருந்தது. ஓட்டமே முட்டியைத் தின்கிறது என்றால் நடுவில் உள்ள எண் எப்படி அத்தனை பெரிதாக இருக்கும்?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1984இல் தொடங்கி, ஐம்பது வயதைத் தாண்டிய ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் இருபது ஆண்டுகளை ஒட்டிப் பின்தொடர்ந்தார்கள். 19 ஆண்டுகள் கழிந்தபோது ஓடாதவர்களில் 34 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், ஓடியவர்களில் 15 சதவீதம். இதில் ஒரு பிடி உப்பு சேர்த்தே படிக்க வேண்டும். ஏற்கெனவே திடகாத்திரமாக இருப்பவர்தானே ஓட வருகிறார்? முட்டி வலித்தவர் முன்பே விலகியிருப்பார். ஆய்வாளர்கள் வயது, புகை, எடை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தார்கள். இருந்தாலும் சந்தேகம் மிச்சமிருக்கும். எலும்போடு எலும்பு உரசுகிற நிலைக்கு வந்துவிட்ட முட்டிக்கு இந்த எண்கள் எந்த உறுதியும் தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உண்மையில் வயதான ஓட்டக்காரனை வீட்டில் உட்காரவைப்பது பல நேரம் முட்டியே அல்ல, அதற்கு இரண்டு சாண் கீழே இருக்கும் கெண்டைக்காலும் குதிகாலும்தான். வயது ஏற ஏற, ஓடும்போது கணுக்கால் தரும் உந்துவிசைதான் முதலில் குறைகிறது. இடுப்பும் தொடையும் ஓரளவு சமாளிக்கும், கெண்டைக்கால் கைவிரிக்கும். எட்டு வைப்பது குட்டையாகும். இளம் பையன்கள் முட்டி வலியோடு பிசியோவிடம் வருகிறார்கள், தலை நரைத்தவர்கள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

எனக்கும் அதுதான். ஐம்பத்தெட்டில், வலது குதிகாலுக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்தில். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் பத்து அடி, காலில் ஆணி ஏறியதுபோல. கொஞ்சம் நடந்தால் மறைந்துவிடும். அதனால் ஓடினேன். பிறகு அது மறையவில்லை. வீட்டில் விளக்கெண்ணெய் போட்டு நீவினார்கள். "நரம்பு இழுத்துக்கிச்சு" என்றார்கள்.

இந்த நரம்பு என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று. நம் பேச்சுத் தமிழில் ரத்தம் ஓடும் குழாயும் நரம்பு, உணர்ச்சி கடத்துவதும் நரம்பு, தசையை எலும்போடு கட்டுகிற நாணும் நரம்பு. ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்கிறோம், நரம்புத் தளர்ச்சி என்கிறோம், குதிகால் நரம்பு என்கிறோம். மூன்றும் மூன்று வெவ்வேறு சரக்கு. மூன்றாவதற்குத் தசைநாண் என்று நல்ல சொல் இருக்கிறது. வில்லின் நாண் போலவே அது வேலையும் செய்கிறது, இழுபட்டுத் திரும்ப உந்துகிறது. குதிகாலில் இருப்பதை இனி குதிநாண் என்றே எழுதுகிறேன். சொல் மாறினால் வைத்தியமும் மாறும். நரம்பு இழுத்துக்கொண்டது என்றால் நீவி விடத் தோன்றும். நாண் பலம் இழந்தது என்றால் பலம் ஏற்றத் தோன்றும்.

ஓடும்போது ஒவ்வோர் எட்டிலும் குதிநாண் தாங்கும் இழுவிசை உடல் எடையைப்போல ஆறு முதல் எட்டு மடங்கு. எழுபது கிலோ ஆளுக்கு ஏழு மடங்கு என்று வைத்தால் 490 கிலோ, ஏறக்குறையப் பத்து மூட்டை சிமெண்ட். என்னைப்போல் குட்டையாக எட்டு வைப்பவர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1,200 எட்டு வைப்பார். ஒரு காலுக்கு அறுநூறு. பத்து மூட்டையை அறுநூறு தடவை இழுத்து இழுத்து விடுகிற கயிறு அது. நடக்கும்போது இதில் பாதிதான் விழும். மூன்று மாதம் வலியில்லாமல் நடந்தவர் நான்காம் மாதம் முதல் நாள் ஓடியதும் வலி திரும்புவதில் ஆச்சரியம் இல்லை. நடை அவரைப் பாதிச் சுமைக்குத்தான் பழக்கியிருக்கிறது.

குதிநாண் எவ்வளவு பழையது என்பதைக் கண்டுபிடித்த விதம் எனக்குப் பிடித்த கதை. 1950களிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏகமாகக் கூடி, 1963இல் சோதனைகளுக்குத் தடை வந்தபின் படிப்படியாகக் குறைந்தது. அந்தக் காலத்தில் வளர்ந்த திசுக்களில் அந்தந்த ஆண்டின் கார்பன் அளவு முத்திரைபோலப் பதிந்திருக்கிறது. டென்மார்க் ஆய்வாளர்கள் இறந்தவர்களின் குதிநாணில் அந்த முத்திரையை அளந்து 2013இல் வெளியிட்டார்கள். நாணின் நடுப்பகுதி, அந்த மனிதருக்குப் பதினேழு வயது ஆகும்வரை உருவானது. அதற்குப் பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படவே இல்லை. தசை புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது, நாணின் நடு மட்டும் பள்ளிக்கூடம் முடித்தபோது போட்ட முடிச்சிலேயே நிற்கிறது.

இதைப் படித்ததும், "பாத்தீங்களா, பேரிங்தானே?" என்று யாராவது கேட்பார்கள். நானும் கேட்டுக்கொண்டேன். நடு இழை புதிதாகாது என்றால் அடிபட்ட குதிநாண் எப்படித் தேறுகிறது? விடை கொஞ்சம் விநோதமானது. கெட்ட பகுதி பெரும்பாலும் கெட்டபடியே கிடக்கிறது. அதைச் சுற்றியுள்ள நல்ல இழைகள் சுமையை வாங்கிக்கொள்ளப் பழகுகின்றன, நாண் தடிக்கிறது, அதை இழுக்கும் கெண்டைத்தசை பலமாகிறது. ஸ்கேனில் ஒன்றும் மாறாமலேயே ஆள் ஓடத் தொடங்குகிறார். ஸ்கேன் படத்துக்கும் வலிக்கும் உள்ள உறவு அவ்வளவு நெருக்கமானதல்ல. வலியே இல்லாதவர்களின் நாணிலும் மூட்டிலும்கூடப் படம் எடுத்தால் கோளாறு தெரியும். கமலை இறைத்த காலத்து வடக்கயிற்றை உவமையாகச் சொல்லலாமா என்றால் அதுவும் முழுக்கப் பொருந்தாது. வடம் இறைக்க இறைக்க நையும். குதிநாண் இறைக்காமல் தொங்கவிட்டாலும் நையும்.

ஓய்வு எவ்வளவு விலையுள்ளது என்பதற்கு டல்லாஸ் பரிசோதனையைவிடத் தெளிவான சான்று கிடையாது. 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் சரிந்தது. அதே ஐந்து பேரை முப்பது ஆண்டு கழித்து, ஐம்பதாவது வயதில் மறுபடி கூப்பிட்டு அளந்தார்கள். முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட அன்றைய மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் பெரிதாக இருந்தது. அடுத்து ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததும், முப்பது ஆண்டில் இழந்த திறன் திரும்ப வந்துவிட்டது. இருபது வயதில் பயிற்சிக்குப் பின் எட்டிய உச்சத்தை மட்டும் ஒருவரும் எட்டவில்லை. இன்னொரு பக்கம், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்கவைத்த ஆய்வில் அவர்கள் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. "ஒரு மாசம் காலை அசைக்காதீங்க" என்ற அறிவுரையின் பில் இதுதான். எலும்பு முறிந்திருந்தால் அசைக்காமல் இருக்கத்தான் வேண்டும். மற்றதற்கெல்லாம் அது மலிவான மருந்தாகத் தெரியும், கடைசியில் கூடுதல் விலை கேட்கும்.

இழந்தது திரும்ப வருவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எல்லாம் ஒரே வேகத்தில் வருவதில்லை. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழைய ஞாபகத்துக்கு வந்துவிடும். தசை இரண்டு மூன்று மாதம் கேட்கும். நாணும் எலும்பும் இன்னும் பல மாதம் கேட்கும். சங்ககிரியில் லாரிக்குப் புது எஞ்சினை ஏற்றி, ஸ்பிரிங்கைப் பழசாகவே விட்டு, முழு லோடு அடித்தால் என்ன நடக்குமோ அதுதான் பத்து ஆண்டு ஓடிப் பழகிய ஆள் இடைவெளிக்குப் பின் மூன்றாம் வாரம் செய்வது. மூச்சு வாங்கவில்லையே என்று ஐந்து கிலோமீட்டர் போகிறார். மூச்சு வாங்காததுதான் ஆபத்து. புதிதாக ஓட வருபவரை மூச்சே நிறுத்திவிடும். பழைய ஆளை நிறுத்த ஒன்றும் இல்லை.

இதற்கெல்லாம் என்ன செய்யலாம் என்ற கேள்வியில் ஸ்வீடன்காரர் ஒருவரின் பெயர் அடிபடாமல் இருக்காது. ஹோகன் ஆல்ஃபிரட்சன் எலும்பியல் மருத்துவர், ஓட்டக்காரர், குதிநாண் வலிக்காரர். தனக்கு அறுவை செய்யச் சொல்லித் தன் மேலதிகாரியிடம் கேட்டாராம், அவர் மறுத்துவிட்டாராம். நாண் மோசமாகப் பழுதானால் அறுவை செய்துதானே ஆகணும் என்று இவர் வீம்புக்குப் படியில் நின்று குதிகாலைக் கீழே இறக்கி இறக்கி வலிக்க வலிக்கப் பாரம் ஏற்றினார். நாண் அறுவதற்குப் பதில் குணமாகிவிட்டது. 1998இல் அவர் வெளியிட்ட சிறு ஆய்வில், நாள்பட்ட வலியுள்ள பதினைந்து ஓட்டக்காரர்கள் பன்னிரண்டு வாரம் இதையே செய்து ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். சிறு ஆய்வுதான், பிறகு வந்தவை அத்தனை அற்புதமாக இல்லை. வாரம் மூன்று நாள், கனமான எடையோடு மெதுவாகச் செய்தாலும் அதே பலன் என்று 2015இல் இன்னோர் ஆய்வு காட்டியது. ஆனால், வலிக்கும் நாணுக்குச் சுமைதான் மருந்து என்ற தலைகீழ்த் திருப்பம் அவர் படியில்தான் நடந்தது.

எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் என் மகள் வயதுள்ள ஒரு பிசியோ, கோபிப் பக்கம். முதல் நாள் என்னைச் சுவரைத் தொட்டபடி ஒற்றைக்காலில் நிற்கவைத்து, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார். இடது கால் இருபத்திரண்டு. வலது கால் ஒன்பதில் நின்றது. பத்தாவதுக்கு இடுப்பை ஆட்டி ஏமாற்றப் பார்த்தேன்.

"ஏனுங் சார், ஒம்பதை வெச்சுக்கிட்டா ரேஸ்கோர்ஸைச் சுத்துனீங்க?"

"வலி இல்லாம இருந்துச்சுங்க அம்மிணி."

"வலி இல்லைங்கறது வேற, பலம் இருக்குதுங்கறது வேறங்க சார். ரெண்டு காலும் இருபதுக்கு வரட்டும். அதுவரைக்கும் படிதான் உங்களுக்கு ரேஸ்கோர்ஸ்."

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறப் படி சிமெண்ட் போட்டது, விளிம்பு தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். முன்பாதத்தை அந்த விளிம்பில் வைத்து, இரண்டு காலாலும் உந்தி எழுந்து, நல்ல காலை எடுத்துவிட்டு, கெட்ட காலின் குதிகாலை மட்டும் மூன்று எண்ணிக்கைக்கு மெல்லக் கீழே இறக்க வேண்டும். பதினைந்து தடவை, மூன்று சுற்று. முதல் வாரம் பத்தாவதிலேயே கெண்டைக்கால் உதறியது. ஆறாம் வாரம், பேரன் பள்ளிப் பையில் இரண்டு செங்கலைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏனுங்ணா, பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பிட்டீங்களா?" என்றார்.

வலித்தால் நிறுத்தணுமா, தாங்கணுமா என்பதுதான் எல்லாரும் கேட்பது. ஸ்வீடனிலேயே 2007இல் வந்த இன்னோர் ஆய்வு இதற்கு ஓர் அளவுகோல் தந்தது. பூச்சியம் வலியே இல்லை, பத்து தாங்கவே முடியாதது. குதிநாண் நோயாளிகளில் ஒரு கூட்டத்தை, சிகிச்சையின் முதல் ஆறு வாரமும், வலி ஐந்தைத் தாண்டாத வரை ஓடவும் குதிக்கவும் விட்டார்கள். மற்றக் கூட்டத்தை ஓடவிடாமல் வைத்தார்கள். இரு கூட்டத்துக்கும் அதே படிப் பயிற்சி. ஓராண்டில் இருவரும் ஒரேமாதிரித் தேறினார்கள், ஓடியவர்கள் பின்தங்கவில்லை. ஒரே நிபந்தனை, மறுநாள் காலைக்குள் வலி அடங்கியிருக்கணும், வாரத்துக்கு வாரம் ஏறக்கூடாது. ஓடும்போது நாண் சொல்வதைவிட மறுநாள் கட்டிலை விட்டு இறங்கும்போது சொல்வதுதான் நம்பத் தகுந்தது. வயது கூடியவருக்கு ஐந்து அதிகம், மூன்றோடு நிற்கலாம் என்பது என் கருத்து.

மறுநாள் ஏன் முக்கியம் என்பதற்கும் காரணம் உண்டு. கனமாக வேலை செய்த நாணில் முதல் ஒரு நாள், ஒன்றரை நாள்வரை கொலாஜன், அதாவது நாணின் இழைகளை ஆக்கும் புரதம், சேர்வதைவிடச் சிதைவதே அதிகம். அதற்கு மேல்தான் தட்டு மறுபக்கம் சாயும். தினம் ஓடுபவர் சிதைவின்மேல் சிதைவை ஏற்றுகிறார். அறுபதை ஒட்டியவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டம், நடுவில் நடையோ சைக்கிளோ என்று வைத்துக்கொள்வது சோம்பேறித்தனம் அல்ல, கணக்கு.

எவ்வளவு தூரம் கூட்டலாம் என்பதற்கு வாரம் பத்து சதவீதம் என்ற விதி எல்லா ஓட்டக்காரர் வாயிலும் இருக்கிறது. நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் புதிய ஓட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்து அதைச் சோதித்தார்கள். விதிப்படி மெல்லக் கூட்டியவர்களில் 20.8 சதவீதம் பேருக்குக் காயம், வேகமாகக் கூட்டியவர்களில் 20.3 சதவீதம். விதி தோற்றது. 2025இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கடிகாரப் பதிவுகளை வைத்து வந்த ஆய்வு வேறிடத்தைச் சுட்டியது. வாரக் கணக்கு அல்ல, ஒற்றை ஓட்டம்தான் ஆளை வீழ்த்துகிறது. கடந்த முப்பது நாளில் ஓடிய அதிகபட்சத் தூரத்தை ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் தாண்டினால் காயம் கூடுகிறது, இரட்டிப்பாக்கினால் இன்னும் கூடுகிறது.

கொங்கு நாட்டில் இருப்பவருக்கு இதைப் புரியவைக்க ஆய்வே வேண்டாம், தைப்பூசம் போதும். வருசம் முழுக்க வண்டியில் போய்வந்த ஆள், முருகன் கூப்பிட்டதும் கோயமுத்தூரிலிருந்து பழனிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் மூன்றே நாளில் நடக்கிறார், அதுவும் தார்ரோட்டில். பக்தியில் நான் குறை சொல்ல வரவில்லை, நானும் போயிருக்கிறேன். மார்கழி முதலே ஒவ்வொரு வாரமும் பத்து, பதினைந்து, இருபது என்று நடந்து பழகிக்கொண்டு போகிறவர் திரும்பி வந்து மறுவாரம் தோட்டத்தில் நிற்கிறார். பழகாமல் போனவர் மாசி முழுக்க நொண்டுகிறார். வெள்ளியங்கிரியில் பாடம் வேறு. ஏழு மலை ஏறும்போது நெஞ்சுக்குத்தான் சோதனை. ஏறுகையில் மாரடைப்பு வந்து இறந்தவர்கள் பற்றிய செய்தி ஏறக்குறைய ஒவ்வொரு பருவத்திலும் வருகிறது. இறங்கும்போது தொடைக்குச் சோதனை. தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதுதான் அதை அதிகம் நோகவைக்கும் வேலை. மூங்கில் தடியை ஊன்றி இறங்கியவர்களும் அடிவாரத்தில் தொடை வெடவெடக்க உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். காயத்திலிருந்து திரும்பும் ஓட்டக்காரர் மேட்டில் ஏறுவதற்கு முன் பள்ளத்தில் இறங்குவதைப் பற்றித்தான் யோசிக்கணும்.

இளையவர்களுக்கு இல்லாத சில விஷயங்கள் நமக்கு உண்டு. மருந்துக்கடையில் சளிக்கும் வயிற்றுக்கும் எளிதாகக் கைக்கு வருகிற சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் ஆகிய ஆன்டிபயாட்டிக்குகள் தசைநாணைப் பலவீனப்படுத்தி அறுக்கவும் கூடும். அதிகம் மாட்டுவது குதிநாண். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008இலேயே மருந்தின் விவரக்குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடவைத்தது. அறுபதைத் தாண்டியவர்களுக்கும் கூடவே ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம், மாத்திரை முடிந்து வாரங்கள் கழித்தும் வரலாம். தேவைப்படும் இடத்தில் அது உயிர்காக்கும் மருந்து. டாக்டர் எழுதினால் நான் ஓடுகிறவன் என்று சொல்லிவிட்டு, வேறு உண்டா என்று கேட்கலாம், எடுக்கும் நாட்களில் ஓட்டத்தை நிறுத்தலாம். கடையில் நாமாகக் கேட்டு வாங்கக் கூடாது. வலிக்கிற நாணில் ஸ்டீராய்டு ஊசி போடுவதும் இப்படித்தான். பத்தே நாளில் சொர்க்கம், பிறகு அறுந்துபோகும் பயம்.

சர்க்கரை உள்ளவருக்கு நாண் தடித்து விறைப்பாகும், தேறுவதும் தாமதம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வலி அளவுகோலே பொய் சொல்லும். அவர் முதலில் பாதத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளில் பெண்களுக்கு எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கிறது. சேலைக்குக் கீழே ஷூ மாட்டிக்கொண்டு வேகநடை போகும் அக்காக்கள் ஓடத் தொடங்குமுன் எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்று எடுத்துவிடலாம். விரல்நுனி அளவு இடத்தில் எலும்புமேல் குத்துகிற வலி, ராத்திரியில் வலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாவது, நெஞ்சில் பாரம், இவை எதுவும் அளவுகோலில் போட்டுப் பார்க்கும் சமாச்சாரம் அல்ல. அன்றே டாக்டர்.

சாப்பாட்டில் நம் பக்கம் ஒரு குறையும் அதற்கான மருந்தும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வயதானவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது இப்போதைய பரிந்துரை. காயத்திலிருந்து மீள்பவருக்கு இன்னும் சற்று எச்சாக. அறுபத்தைந்து கிலோ ஆளுக்கு 65 முதல் 78 கிராம். காலையில் நாலு இட்லி, சட்னி என்றால் பத்துக் கிராம் தேறினால் பெரிது. கொள்ளில் நூறு கிராமுக்கு இருபதுக்கு மேல் புரதம் இருக்கிறது, கொள்ளுப் பருப்பு நமக்கு அன்னியமில்லை. ஆனால் சோற்றில் ஒரு கரண்டி ஊற்றிப் பிசைந்தால் கணக்கு முடியாது. முட்டையோ பாலோ தயிரோ கறியோ நிலக்கடலையோ கூட வேண்டும்.

இடமும் யோசிக்கத் தக்கது. இட்டேரியில் ஓடுவது சுகம். இருபுறமும் கிளுவை வேலி, அதிகாலையில் மயில் குறுக்கே போகும். ஆனால் வண்டித்தடத்து மணல் குதிகாலைக் கூடுதலாகப் புதையவிடும், சரளை கணுக்காலைப் புரட்டும். கீழ்பவானி வாய்க்கால் கரை இன்னும் சுகம், ஆகஸ்ட் பாதியில் தண்ணீர் விட்டபிறகு காற்றே குளிர்ந்துவிடும். அங்கே கரை ஒருபக்கம் சாய்வாக இருக்கும் இடங்களில் ஒரே கால் எப்போதும் மேட்டில் போகும். மண்ணென்றால் மெத்தை, தாரென்றால் கேடு என்பது பாதி உண்மை. திரும்பி வரும் முதல் இரண்டு மாதம் எனக்குச் சமதளமான தார்தான் ஒத்துக்கொண்டது. மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூவுக்கு மாறுவதற்கும் இது நேரமல்ல. குதிப்பக்கம் சற்று உயரமாக இருந்தால் நாணின் இழுப்பு குறையும்.

வலது கால் இருபதைத் தொட்டது பதினான்காம் வாரம். அரை மணி நேரம் வேகநடை போய் மறுநாள் வலியில்லை என்றதும், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஏழு தடவை என்று தொடங்கினேன். எழுபது வயதுத் தம்பதி என்னைத் தாண்டி நடந்துபோனார்கள். தொடர்ந்து இருபது நிமிடம் ஓட மேலும் பத்து வாரம் ஆனது. படியை இன்னும் விடவில்லை.

காலையில் முதல் பத்து அடிக்கு மதிப்பெண் போடுவது பழக்கமாகிவிட்டது. தினத்தாள் காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதுகிறேன். போன வாரத் தாள்கள்: 1, 1, 2, 1, 1, 4, 2. அந்த நாலைப் பார்த்துவிட்டு பிசியோ அம்மிணி, முந்தின நாள் எவ்வளவு தூரம் ஓடினீங்க என்று கேட்டார். ஓடவில்லை. அண்ணன் பேத்தி சீருக்குக் காலை ஏழு மணியிலிருந்து பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு, செருப்பில்லாமல், கிரானைட் தரையில் நடந்திருந்தேன்.

"அதையும் எழுதுங்க சார்" என்றார்.